ஒரே ஒரு வாணம்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்கிறது. உன் மூச்சிரைப்பு எப்படி? அணைக்கட்டுக் குடியிருப்பில் குளிர் விட்டதா? உன் வீட்டுக்காரர் இன்னும் மதகுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாரா? போன் பேச வேண்டுமென்றால் நீ அணை மேல் ஏறி நிற்க வேண்டும். கடிதமே மேல். குறுக்கே பேசமாட்டாய்.

உன் மகன் வந்து சேர்ந்துவிட்டான். மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். லிப்ட் கம்பெனி சீருடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். அங்கேயும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒட்டவைத்த நம்மைச் சொல்ல வேண்டும். கல்யாண நிச்சயம் முறிந்ததைப் பற்றி அவனாக எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

நான் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். வாணம் ஒன்று சாய்ந்து வந்து, கொடியில் காய்ந்த என் போர்வையைப் பொசுக்கிவிட்டுப் போனது. போர்வைக்காக நான் வருத்தப்படவில்லை. முப்பத்தொரு வருடம் கண் வார்டில் நின்றவள் நான். கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களின் விரல்களைப் பிரித்துப் பிரித்தே என் விரல்கள் கோணிவிட்டன. ஒன்று உனக்குத் தெரியுமா? வெடித்தவனை விட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம் வருவார்கள்.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு. தெருவுக்குள் வெடியோ வாணமோ கூடாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், இரவு ஒன்பது மணிக்குள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு கொளுத்தலாம். அவ்வளவுதான். யாருடைய சந்தோஷத்தையும் நான் பிடுங்கவில்லை, இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் என்று ஒரு நோட்டில் குறித்தும் வருகிறேன். ஒல்லி அதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, வார்டு சார்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்களா?" என்றான். வந்த நாளிலிருந்து அவன் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். எனக்கு இருமல் போய்விட்டது, அவருக்கு வந்துவிட்டது. வீட்டைவிட்டு வெளியே போக அதற்கு மனமில்லை போலிருக்கிறது. உன் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்வாய், உனக்குச் செய்துகொள்ளமாட்டாய்.

மனு விஷயம் படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கே அடுத்த மலையில் பாறை உடைக்கிறார்கள். தினம் நாலு வெடி. பாத்திரம் அடுக்கும்போது நாங்களே எண்ணிக்கொள்கிறோம், நாலு ஆனதும் டீ போடுகிறோம். நீ ஒரு கல்யாண வாணத்துக்கு நோட்டுப் போட்டு எழுதுகிறாயே. வருடம் முழுக்க உழைக்கிற ஜனம் ஒரு மணி நேரம் சத்தம் போட்டுச் சிரித்தால் உனக்கு என்ன? சின்ன வயதிலும் நீ இப்படித்தான். நான் ஊஞ்சலில் வேகமாக ஆடினால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவாய்.

கோபப்படாதே. ஒல்லியைப் பார்த்துக்கொள். அந்தப் பெண் வீட்டார் நடந்துகொண்ட விதத்தில் பிள்ளை உடைந்துபோயிருக்கிறான். உன் மனுவை வைத்துத் தெருவில் அவனை நாலு பேர் கேலி பேசும்படி ஆக்கிவிடாதே. அவன் சிரித்து நான் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கச்சி

மார்ச் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் வீட்டுக்காரரும் இருமலைப் பங்கு போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டு ஒரு தடவை மருந்தகத்துக்குப் போய் வாருங்கள்.

ஊஞ்சலைப் பற்றி எழுதியிருந்தாய். கயிறு நைந்திருந்தது. நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

வீடு வீடாகப் போய்விட்டேன். இருபத்திரண்டு கையெழுத்து. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நியாயம் நிற்கிறது. கடைசி வீட்டுத் தபால்காரர், தன் நாய் கட்டிலுக்கடியில் மூன்று நாள் கிடந்தது என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மருந்துக்கடைக்காரரும் போட்டார், போட்டுவிட்டு, தன் மகள் கல்யாணம் முடிந்த பிறகு இதை அமலுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, மாமியார் போட்டால்தான் தான் போட முடியும் என்றாள். மாமியாரோ, காது கேட்காத தனக்கு இதில் என்ன என்று திருப்பிக் கேட்டார்.

பேண்டு மாஸ்டர் தெருமுனையில் இருக்கிறார். கல்யாணத்துக்கு மேளமும் வாணமும் அவர்தான் ஏற்பாடு. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மனுவை முழுவதும் படித்தார். பிறகு, "சிஸ்டரம்மா, உங்களுக்கு இது சத்தம். எனக்கு இது பொழப்பு. நான் கொளுத்தத்தான் செய்வேன், தடுக்கிறவங்க தடுத்துக்கட்டும்" என்றார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

எனக்கு வருத்தம் தந்தவள் எதிர் வீட்டுத் தையல்காரிதான். அவள் முதல் மாடி ஜன்னலும் என் மாடியும் நேருக்கு நேர். நடுவில் தெரு பத்தடிகூட இருக்காது. பகல் முழுக்க மிஷினில் குனிந்திருப்பவள். கண்ணைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டுமா? அவள் கையெழுத்துப் போடவில்லை. "போட்டா பேண்டு மாஸ்டர் வீட்டுத் துணி எனக்கு வராதுக்கா. அதுவும் போக, எனக்கு வாணம் பாக்கப் பிடிக்கும். ஜன்னல்லயே தெரியும்" என்றாள். பிடிக்கும் என்று சொல்கிறவளிடம் நான் என்ன பேசுவது?

ஒல்லி நேற்று என்னோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தான்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

இங்கே ஒரு விபத்து. போன சனிக்கிழமை நகரத்துக் கால்பந்து அணி ஜெயித்ததாம். மாலை ஏழு மணியிலிருந்தே தெருவில் கொண்டாட்டம். பேண்டு மாஸ்டர் முனையில் நின்று சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தார். ஏழரை மணிக்கு ஒரு வாணம் மேலே போகாமல் படுக்கையாகப் பறந்து தையல்காரியின் ஜன்னலுக்குள் போய்விட்டது. அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அலறல் கேட்டு ஓடினேன். கையைக் கண்ணிலிருந்து எடுக்கவிடாமல் துடித்தாள். கழுவவோ துடைக்கவோ கூடாது என்று சுற்றி நின்றவர்களை விரட்டிவிட்டு, ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துக் கட்டுப் போட்டு, ஆட்டோவில் என் பழைய வார்டுக்கே கொண்டுபோனேன். இரண்டு அறுவைசிகிச்சை ஆகிவிட்டது. வலது கண் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

யார் விட்டது என்று போலீஸில் விசாரிக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் உள்ளே போய்விட்டேன் என்று சொன்னேன்.

ஒல்லிக்குக் கம்பெனியில் வேறு நகரத்துக் கிளையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை புறப்பட்டுப் போனான். மழைக்கோட்டை மறந்துவிட்டான். அனுப்பிவைக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாவம் அந்தப் பெண். ஊஞ்சல் பேச்சை எடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு. நீ பயந்தது சரியாகத்தான் போயிற்று. இனி உன் மனுவுக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஒல்லி ஏன் இப்படித் திடுதிப்பென்று போனான்? எனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறான், "வேற ஊருக்கு வந்துட்டேன், நல்லா இருக்கேன்" என்று. அவன் கையெழுத்தே அவன் கையெழுத்தாக இல்லை. தபால்காரரின் நாயைப் பற்றிக்கூட எனக்கு எழுதுகிறவள் நீ. அந்த மாலை அவன் எங்கே இருந்தான் என்று எழுதவில்லையே. பக்கத்தில் நின்றானா? ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டானா? சின்ன வயதில் கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுவான்.

உடனே எழுது. உன் முழங்கால் எப்படி?

தங்கச்சி

ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. அவருடைய இருமல் நின்றதா?

மனு நிறைவேறிவிட்டது. எங்கள் தெருவுக்கு மட்டுமில்லை, வட்டாரம் முழுவதற்கும் விதி வந்துவிட்டது. இருபத்திரண்டாக இருந்த கையெழுத்து ஒரே வாரத்தில் முப்பத்தொன்பது ஆனது. குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சங்கத் தலைவர் பேசும்போது, சிஸ்டரம்மாவின் பேச்சை முன்பே கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் கண் போயிருக்காது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று தட்டினார்.

பேண்டு மாஸ்டரைப் பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கு நடக்கிறது. அன்று அவர் கையில் தீப்பெட்டி இருந்ததைத் தெருவே பார்த்தது, அவர் முன்பு சொன்ன பேச்சும் எல்லாருக்கும் நினைவிருந்தது. வாணம் தெருவிலிருந்து வரவில்லை, எதிரே மேலிருந்து வந்தது என்று தையல்காரி ஆஸ்பத்திரியிலேயே சொன்னாளாம். வலியில் கிடந்தவளுக்குத் திசை எப்படித் தெரியும், எதிர் மாடியில் இருந்த சிஸ்டரம்மாவே பார்க்கவில்லையே என்று விட்டுவிட்டார்கள்.

அவரை இப்போது யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நேற்று மேளங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என் வாசலில் நின்று ஏதோ கேட்டார். அடுப்பில் பால் இருந்தது, நான் உள்ளே போய்விட்டேன்.

ஒல்லியின் சட்டைகள் இரண்டு இங்கே இருக்கின்றன. மழைக்கோட்டோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்ல உனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அப்படியும் சொல்லவில்லை. சட்டையைப் பற்றி எழுதுகிறாய்.

அணை மேல் ஏறி நின்று ஒல்லியோடு பேசினேன். மூன்று தடவை கட் ஆனது, நாலாவது தடவை கேட்டுவிட்டேன். "பெரியம்மாதான் போகச் சொன்னாங்க" என்றான். உடனே போனை வைத்துவிட்டான். என்ன தப்புச் செய்தான் என் பிள்ளை? பட்டாசு விடுகிற கூட்டத்தோடு நின்று சிரித்தானா? உன் மனுவுக்கு அது இழுக்காகப் போயிற்றா? மனசு உடைந்து வந்தவனுக்கு ஒரு அறை கொடுத்தாய் என்று இங்கே எல்லாரிடமும் உன்னைத் தலையில் தூக்கிவைத்துப் பேசினேன். இரண்டு மாதம்தான் தாங்கியது.

உனக்குச் சால்வை கிடைத்தது. சந்தோஷமாகப் போர்த்திக்கொள்.

தங்கச்சி

ஜூலை 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்.

ஆமாம், நான்தான் போகச் சொன்னேன். அவனைத் திட்டாதே. என்னைத் திட்டிக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

ஒல்லி வந்திருக்கிறான். வேலையை விட்டுவிட்டான். வந்த மறுநாள் மத்தியானம் பாறை உடைக்கிற முதல் வெடி போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் குந்திக் கண்ணைப் பொத்திக்கொண்டான். காதை அல்ல, கண்ணை. நாலு வெடியும் முடிகிற வரை கையை எடுக்கவில்லை. அவன் அப்பா விரல்களைப் பிரித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

உன் மாடியிலிருந்து அவன் விட்டது. வாணத்தை நிறுத்திவைத்த பாட்டில் சாய்ந்துவிட்டது.

நீ எதற்காக வாயை மூடிக்கொண்டாய், எதற்காக என் ஏச்சையும் வாங்கிக்கொண்டாய் என்று இப்போது தெரிகிறது. உன் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது. அக்கா, இதே மாதிரி இருந்துவிடு. நீ சொல்லிவிட்டால் அந்தக் கண் திரும்பி வரப்போகிறதா? பேண்டு மாஸ்டர் ஊரை விட்டே போய்விட்டார், வழக்கும் அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறார்கள். அவர் பிழைக்கத் தெரிந்த மனிதர், எங்கே போனாலும் மேளம் கேட்க ஆள் இருக்கும். இவனுக்கு இப்போதுதான் இருபத்தைந்து. அந்தத் தையல்காரிக்கு நாங்கள் ஏதாவது செய்கிறோம், யார் கொடுத்தது என்று தெரியாமல் செய்கிறோம்.

நான் பெற்றவள். நீ பெறாவிட்டாலும் உனக்கும் அவன் பிள்ளைதான். எனக்குச் சத்தியம் செய்து ஒரு வரி எழுது.

தங்கச்சி

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். தூக்கமில்லை.

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியவில்லை. ஒல்லி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் விட்டிருப்பான்.

அன்று நான் உள்ளே போகவில்லை. கொடியருகே, அவனுக்கு மூன்று அடி தள்ளி நின்றேன். கீழே தெரு முழுக்க ஆட்டம். அவன் கையில் ஒரு ராக்கெட், கீழ் வீட்டுக்காரர்கள் கொடுத்ததாம். "ஒண்ணே ஒண்ணு, பெரியம்மா" என்றான். சிரித்துக்கொண்டிருந்தான். நீ அவனைச் சிரித்துப் பார்த்து ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சரி என்று தலையாட்டினேன். தெரு முழுக்கக் கதவைத் தட்டி வேண்டாம் என்று சொன்னவள், என் சொந்த மாடியில் தலையாட்டினேன். உன் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. தலை என்னுடையது.

அவன் கழுவிலேற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவனைப் போகச் சொன்னதும் அவனுக்காக மட்டுமில்லை. அவன் பிடிபட்டால் நான் தலையாட்டியதும் வெளியே வருமே.

பேண்டு மாஸ்டர் வாசலில் நின்று கேட்டதையும் உனக்கு எழுதாமல் விட்டேன். "எல்லா நாளும் மணி பாத்து எழுதுறீங்க சிஸ்டரம்மா. அந்த ஒரு நாள் மட்டும் எழுதலையா?" என்று கேட்டார். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று மாலை தையல்காரி வீட்டுக்குப் போனேன். மிஷினை ஜன்னலிலிருந்து சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்கு ஊசிக்காது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடாது; நூல் பக்கத்தில் பக்கத்தில் போய் வந்தது. நான் கோத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "தெரியும்க்கா. உங்க மாடியிலேருந்துதான் வந்துச்சு, அந்தத் தம்பி கையைத் தலையில வச்சுக்கிட்டு நின்னதையும் பாத்தேன். இந்தக் கண்ணுல கடைசியா பாத்தது அதுதான்" என்றாள். ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "மேலேருந்து வந்துச்சுன்னு சொன்னேன். சிஸ்டரம்மா பாக்கலையாமேன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. என் பேச்சுக்கு மேல உங்க பேச்சு நின்னுச்சு. கோப்பையை வச்சுக் கட்டுனீங்களே, அந்தக் கையை நெனச்சு நானும் விட்டுட்டேன். உங்க வாயால வரட்டும்னு அஞ்சு மாசமா பாத்துட்டு இருந்தேன்." அதற்குப் பிறகு, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.

மறுநாள் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் பதறிவிட்டார். இது வெளியே தெரிந்தால் மனுப் போட்டவள் வீட்டிலிருந்தே வாணம் வந்தது என்று சிரிப்பார்கள், விதியையே எடுக்கச் சொல்வார்கள், இன்னும் எத்தனை கண் போகும் என்று யோசியுங்கள் என்றார். என் வார்த்தைகளாலேயே என்னை மடக்கினார். நீ சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான். ஆளாளுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பேண்டு மாஸ்டருக்கு மட்டும்தான் யாரும் இல்லை.

சால்வையை அவர் மேஜையில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் பொய் சொன்னதற்கு என் மேலும் வழக்கு வரும் என்றார்கள். வரட்டும். ஒல்லியின் முகவரி கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். பேண்டு மாஸ்டரின் முகவரியை நான் கேட்டேன். அது அவர்களிடம் இல்லை.

இந்தக் கடிதம் முந்துமோ அவர்கள் முந்துவார்களோ தெரியவில்லை. நீ பதில் எழுதுவாய் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

அக்கா

செப்டம்பர் 22

நலம் விசாரித்து எழுத மனம் வரவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர்கள் அதுவரை வரவில்லை. நான் கடிதத்தை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தேன். ஒல்லி என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிப் படித்துவிட்டான். படித்து முடித்ததும் குளித்துவிட்டு வந்து, இருப்பதில் நல்ல சட்டையை எடுத்து வைத்தான். அவன் அப்பா மதகுக்குப் போனவர் திரும்பி வரும் வரைகூட இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். என் கையால் போட்டுக் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தத்தில், பெரியம்மா வீட்டுக்கா போகிறாய் என்று கேட்டேன்.

"இல்லம்மா. முதல்ல எதிர் வீட்டுக்கு. அப்புறம் ஸ்டேஷனுக்கு" என்றான்.

அதற்குப் பிறகு உன் கதவைத் தட்டினால் திற. அவனுக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. நான் தட்டமாட்டேன்.